பின்பாதி முதலில் வந்த படம்

படத்தின் பின்பாதி முதலில் வந்து சேர்ந்தது. முன்பாதி குப்பனூர் சாலையில் எங்கேயோ ஏறிக்கொண்டிருந்தது.

இப்போது சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அன்று சாயங்காலம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெள்ளைக்காரத் துரைமார் நடனமாடுவதற்கென்று கட்டிய அந்தப் பழைய கூடத்தில் மடக்கு நாற்காலிகள் நிறைந்துவிட்டன. வெளிச்சம் வராமலிருக்க ஜன்னல்களில் கறுப்புக் கம்பளிகளைத் தொங்கவிட்டிருந்தோம். முதல் வரிசையில், நான் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்திருந்த எங்கள் தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆறரைக்கு விடுதியில் பிரார்த்தனை மணி. அதற்கு அவர் போயாக வேண்டும். நான் வாசலுக்கும் புரொஜெக்டருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. சேலத்தில் பி.எஸ்ஸி. முடித்த கையோடு ஏற்காட்டில் ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியில், பிரசவ விடுப்பில் போன ஆசிரியையின் இடத்தில் என்னைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். எங்கள் வீடு ஏரிக்கரைக் கடைத்தெருவில். அத்தாவுக்குக் குடையும் டார்ச் விளக்கும் மழைக்கோட்டும் விற்கிற கடை. பெண் பிள்ளை டீச்சர் ஆனதில் அவருக்குச் சந்தோஷம். பெண் பிள்ளைக்குச் சினிமாக் கிறுக்கு பிடித்ததில் கவலை. கல்லூரியில் படிக்கும்போதே சேலத்துத் திரைப்படச் சங்கம் ஒன்றில் சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பாஷை தெரியாத படங்களாகப் பார்த்துத் தள்ளியிருந்தேன். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் ஒரு வாரம் யாரிடமாவது அதைப் பற்றிப் பேசியே தீர வேண்டும் எனக்கு. அகப்படுவது அத்தாதான்.

"படத்துல கடைசில என்னதான் ஆச்சு?" என்பார்.

"ஒண்ணும் ஆகலத்தா. அதான் அந்தப் படத்தோட அழகே."

"ஒண்ணும் ஆகாததுக்கா பஸ் ஏறிப் போன?"

அந்தச் சங்கம் மலை மேலே மூன்று நாள் திரைப்பட விழா நடத்துவது என்று முடிவு செய்தபோது ஊருக்குள் ஓடியாட ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் முதலில் கையைத் தூக்கினேன். 'உலகப் படங்கள்' என்று கொட்டை எழுத்தில் எழுதிய சுவரொட்டிகளை மைதாப் பசை காய்ச்சி பஸ் நிலையம் வரை ஒட்டினேன். "ஏனுங்க டீச்சர், உலகப் படத்த எங்க புள்ளைங்க பூகோளப் புஸ்தகத்துலயே பாத்துக்குமே, அதுக்கு டிக்கெட்டா?" என்று கேட்டார் டீக்கடைக்காரர். கேலிதான். மூன்று நாளும் வந்து உட்கார்ந்தவர்களில் அவரும் ஒருவர்.

இரண்டாம் நாள் படம் பற்றித்தான் எனக்குத் துடிப்பு. வடக்கே ஏதோ ஒரு பனி நாட்டில், விடுதிப் பள்ளியில், பையன்கள் சேர்ந்து ஒரு பையனைப் படுத்துகிற பாடு பற்றிய படம் என்று சங்கத்தின் சுற்றறிக்கையில் நாலு வரி போட்டிருந்தது. நான் படத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த நாலு வரியைப் படித்ததுமே, இதைத் தலைமையாசிரியை பார்த்தாக வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

காரணம், எட்டாம் வகுப்பில் இருந்த ஒரு பெண்.

மஞ்சக்குட்டைப் பக்கத்து மலைக் குடியானவரின் மகள் அவள். சாமையும் கேழ்வரகும் கொஞ்சம் காப்பியும் போடுகிற குடும்பம். எங்கள் விடுதியில் அந்த மலைக் குடிகளிலிருந்து வந்து சேர்ந்த முதல் பிள்ளை. மற்றவர்கள் எஸ்டேட் முதலாளிகளின் பிள்ளைகள், சேலத்து வியாபாரிகளின் பிள்ளைகள், அரசு அதிகாரிகளின் பிள்ளைகள். இவளைக் கொண்டுவந்து சேர்த்ததே தலைமையாசிரியைதான். நிர்வாகத்தோடு மல்லுக்கு நின்று இடம் வாங்கித் தந்தார் என்று மற்ற ஆசிரியைகள் சொல்வார்கள். கணக்கில் அவள் கெட்டி. வகுப்பில் நான் கேள்வியை முடிப்பதற்குள் அவளுடைய உதடு பதிலை முணுமுணுத்துவிடும். கை மட்டும் உயராது.

விடுதியில் பிள்ளைகளே முறைவைத்துப் பரிமாறுவது வழக்கம். ஒரு நாள் இவளுடைய முறை வந்தது. சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தவள், ஓர் எஸ்டேட் முதலாளி மகளின் முன்னால் வந்ததும் வாளியை அப்படியே கீழே போட்டுவிட்டாள். கொதிக்கக் கொதிக்க இருந்த சாம்பார் அந்தப் பெண்ணின் இரண்டு கால்களிலும் கொட்டியது. தவறிப் போட்டதல்ல, வேண்டுமென்றே போட்டாள் என்று வரிசை மொத்தமும் சாட்சி சொன்னது. இவளும் இல்லையென்று சொல்லவில்லை. ஏன் போட்டாய் என்று தலைமையாசிரியை கேட்டார். நின்றாள். நான் தனியாக அழைத்துக் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க மிஸ்" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை அப்பாவோடு வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று முடிவாயிற்று. அந்த டி.சி.யில் நடத்தை பற்றி எழுதப்போகிற ஒரு வரி போதும், மலையில் வேறு எந்தப் பள்ளியும் சேர்க்காது. படிப்பு அதோடு சரி. அடுத்த வருடம் காப்பிப் பழம் பறிக்கிற கூட்டத்தில் நிற்பாள்.

"அவ காரணமில்லாம செய்யமாட்டா மிஸ்" என்று தலைமையாசிரியையிடம் சொன்னேன்.

"காரணத்தைச் சொல்லச் சொல்லு. நான் கேட்டாச்சு. நானே கொண்டுவந்து சேர்த்த பொண்ணும்மா. எனக்குத்தான் கோபம் ஜாஸ்தி. நாளைக்கு இன்னொரு மலைப் பொண்ணுக்கு இடம் கேட்டா என்னைப் பார்த்து என்ன சொல்வாங்க?"

என்னிடம் அந்தப் படம்தான் இருந்தது. அதுவும் நான் பார்க்காத படம்.

சனிக்கிழமை காலையில் அவளுடைய அப்பா பள்ளி வாசலுக்கு வந்து நின்றார். தோளில் ஒரு சாக்கு. நாற்பது ஐம்பது ஆரஞ்சு இருக்கும். "ஏனுங்க டீச்சர், பெரியம்மாவ ஒருக்காப் பாக்கோணுமுங்க" என்றார். அவர் எவ்வளவோ சொல்லியும் தலைமையாசிரியை ஒரே வார்த்தைதான் சொன்னார்: திங்கட்கிழமை. ஆரஞ்சை வாங்கவும் மறுத்துவிட்டார். சாக்கைத் திரும்பத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டியவரிடம், சாயங்கால ஜீப்புக்கு நேரம் இருக்கிறதே, வந்து ஒரு படம் பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ. அவரும் வந்தார். கூடத்தின் கடைசி வரிசையில் சாக்கைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சேலத்திலிருந்து படச்சுருள்கள் இரண்டு தகரப் பெட்டிகளில் வரவேண்டும். காலை பஸ்ஸின் கண்டக்டர், ஒரு ஆளுக்கு ஒரு பெட்டிதான் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறார். கொண்டுவந்த சங்கத்துப் பையன் கைக்கு வந்த பெட்டியை ஏற்றிக்கொண்டு, மற்றதைக் குப்பனூர் வழி பஸ்ஸில் போட்டுவிட்டு வந்துவிட்டான். குப்பனூர் சாலையில் மரம் சாய்ந்துவிட்டது, வெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள், பஸ் ஐந்துக்கும் வரலாம் ஏழுக்கும் வரலாம் என்று தகவல் வந்தது. கையிலிருந்த பெட்டியைத் திறந்தால் பின்பாதிச் சுருள்கள்.

புரொஜெக்டர் ஓட்ட வந்தவர் அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் டூரிங் கொட்டகையில் ஆபரேட்டராக இருந்தவர். வாயில் வெற்றிலை. பதற்றம் என்பதே அவருக்குத் தெரியாது.

"இருக்கறத ஓட்டிப்போடலாம் கண்ணு."

"பின்பாதியவா? மொதல்லயேவா?"

"ஆமா. ரெண்டு கொட்டாய்க்கு ஒரு பிரிண்ட வெச்சு ஓட்டுனவன் நானு. அந்தக் கொட்டாயில இருந்து சைக்கிள்ல பொட்டி வரோணும். பையன் வழியில டீ குடிக்க நின்னுட்டான்னா என்ன பண்றது? சண்டை வரவேண்டிய எடத்துல கல்யாணத்தப் போட்டுடுவேன். சனம் உக்காந்தாச்சுன்னா வெளக்க அணைச்சரோணும் சாமி. அதான் தொழிலு."

"இது அந்த மாதிரிப் படம் இல்லைங்க."

"எல்லாப் படமும் அந்த மாதிரிதான். ஓட்டட்டுமா வேண்டாமா?"

நான் முதல் வரிசையைப் பார்த்தேன். தலைமையாசிரியை கைப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டுவிட்டார். எழுந்திருக்கப்போகிறார் என்று அர்த்தம். பாதியாவது பார்க்கட்டும், எந்தப் பாதியானால் என்ன. "ஓட்டுங்க" என்றேன். கூட்டத்தைப் பார்த்து, இரண்டாம் பகுதி முதலில், முதல் பகுதி வந்ததும் தொடரும் என்று அறிவித்தேன். பின்னாலிருந்து யாரோ, "டீச்சர், எந்திரிச்சுப் போகும்போது பின்னாடியே நடந்து போகோணுங்களா?" என்றார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் விளக்கு அணைந்தது.

திரை முழுக்கப் பனி. வெள்ளை வெளேரென்று ஒரு மைதானம், அதன் நடுவே கறுப்புக் கோட்டுப் பையன்கள். கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடுகிறது. அதுவும் வெள்ளை. பனி மேல் வெள்ளை எழுத்து யார் கண்ணுக்குத் தெரியும்? இங்கிலீஷ் படித்த நானும் தலைமையாசிரியையும் டீக்கடைக்காரரும் சாக்குக்காரரும் ஒரே நிலைமைக்கு வந்துவிட்டோம். முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அந்த முகங்கள்! அந்தப் படத்தை எடுத்தவர் யாராயிருந்தாலும், பிள்ளைகளின் முகத்தை இவ்வளவு பொறுமையாக உற்றுப் பார்த்த ஒருவரை நான் அதற்கு முன் திரையில் கண்டதில்லை. நடிக்கிறார்கள் என்றே தோன்றவில்லை.

ஒரு பையன். ஒல்லி. கம்பளித் தொப்பி ஒன்றைக் காது வரை இழுத்து மாட்டியிருக்கிறான். வகுப்பிலும் கழற்றுவதில்லை, பிரார்த்தனையிலும் கழற்றுவதில்லை. ஆசிரியர் கழற்றச் சொல்கிறார். மறுக்கிறான். அடிக்கிறார். இரண்டு கையாலும் தொப்பியைப் பிடித்துக்கொண்டு அடி வாங்குகிறான். இன்னொரு பையன் பியானோ வாசிக்கிறான். அழகான பையன், படிய வாரிய தலை, ஆசிரியர்களுக்குச் செல்லம். ஒரு மத்தியானம் அவன் தனியாக வாசித்துக்கொண்டிருக்கையில் தொப்பிக்காரப் பையன் சத்தமில்லாமல் வந்து பக்கத்தில் நிற்கிறான். வாசிப்பவன் அவனைப் பார்த்துச் சிநேகமாகச் சிரிக்கிறான். தொப்பிக்காரன் பியானோவின் கனத்த மூடியை, அந்த விரல்கள் மேல், ஓங்கிச் சாத்துகிறான்.

பின்னணி இசை கிடையாது. மரம் மரத்தோடு மோதுகிற சத்தம். பிறகு ஓர் அலறல். கூடம் முழுவதும் 'ஐயோ' என்றது.

அப்புறம் விசாரணை. அவன் வாய் திறக்கவில்லை. பெட்டியோடு பனியில் நடந்து ரயிலடிக்குப் போகிறான். வழியனுப்ப யாருமில்லை. ரயில் வருவதற்கு முன் நடைமேடையில் நின்று தொப்பியைக் கழற்றுகிறான். தலையில் முடி திட்டுத்திட்டாக, எலி கடித்த மாதிரி முளைத்திருக்கிறது; நடுவே ஆறாத காயங்கள். காற்று படட்டும் என்பது போலக் கண்ணை மூடிக்கொள்கிறான். படம் முடிந்தது.

விளக்கைப் போட்டார்கள். எதைக் காட்ட அழைத்து வந்தேன், எதைக் காட்டிவிட்டேன்!

தலைமையாசிரியை எழுந்து புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "பார்த்தியாம்மா? அந்தப் பையன் இவனைப் பார்த்துச் சிரிக்கத்தானே செஞ்சான்? ரௌடி. அவங்க ஊர்லயும் அனுப்பத்தான் அனுப்பறாங்க. நீ இதைக் காட்டி என்னை மனசு மாத்தலாம்னு கூட்டிட்டு வந்தியாக்கும்."

"முதல் பாதி இன்னும் வரல மிஸ்..."

"வந்தா மட்டும் அந்த விரலெல்லாம் ஒட்டிக்குமா?"

மற்றவர்களும் அதேதான் பேசிக்கொண்டிருந்தார்கள். "கொழுப்பு" என்றார் ஒருவர். "பொறாமைங்க. அவனுக்கு வாசிக்கத் தெரியுது, இவனுக்குத் தெரியல" என்றார் டீக்கடைக்காரர். கடைசி வரிசையில் சாக்குக்காரர் மட்டும் தனியே உட்கார்ந்திருந்தார். குனிந்து ஆரஞ்சுகளை எதற்கோ எடுத்து எடுத்துத் திரும்பச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

தலைமையாசிரியை வாசலுக்கு வந்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர் என்ன நினைத்தாரோ, நின்று திரும்பி, "அந்தப் பையன் தொப்பியை ஏன் கழட்டவே இல்ல?" என்று கேட்டார்.

"தெரியல மிஸ்."

"தலையில புண்ணு. சரி. புண்ணுன்னா வாத்தியார்கிட்ட சொல்றதுதானே? அடி வாங்கிட்டு நிக்கறான்." எரிச்சலாகத்தான் சொன்னார். விடை தெரியாத கணக்கைப் பார்த்துவிட்டால் அவரால் தாண்டிப் போக முடியாது. அவரும் கணக்கு டீச்சர்தான்.

அப்போது மூடுபனிக்குள்ளிருந்து குப்பனூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. நான் அப்படி ஓடியதைக் கடைத்தெருவே பார்த்தது. கண்டக்டர் கூரையிலிருந்து பெட்டியை இறக்கினார். பலாக்காய்ப் பிசின் ஒட்டியிருந்தது. தலைமேல் தூக்கிக்கொண்டு நான் திரும்பி வந்தபோது தலைமையாசிரியை இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார்.

முன்பாதியைப் பற்றி எழுதுவது கடினம். எல்லோருக்கும் முடிவு தெரியும், தெரிந்துகொண்டு பார்க்கிறோம். முதல் காட்சியில் அந்தப் பையன் தொப்பியில்லாமல், நெற்றியில் சுருள்முடி விழ, வண்டியிலிருந்து குதித்து இறங்குகிறான். கூடத்தில் யாரோ "ச்சு" கொட்டினார்கள். இவனுக்கா அப்படி ஆகப்போகிறது என்று. பேச்சு வழக்கு வேறு போலிருக்கிறது. அவன் வாயைத் திறந்ததும் மற்ற பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அவ்வளவுதான் ஆரம்பம். பிறகு ஒவ்வொன்றாக. காலணிக்குள் பனி. அவன் உட்கார்ந்ததும் பெஞ்சிலிருந்து எல்லோரும் எழுந்துகொள்வது. பெரிதாக எதுவுமில்லை. புகார் சொன்னால் புகார் சொன்னவனுக்குத்தான் வெட்கம், அப்படிப்பட்டவைதான் எல்லாம்.

பிறகு அந்தக் காட்சி. விடுதியின் மேல்மாடியில் நாலைந்து பேர் அவனைப் பிடித்துக் கீழே அழுத்துகிறார்கள். ஒருவன் கையில் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற பெரிய கத்தரி. பையன் கத்த வாயைத் திறக்கிறான். அதே நேரம் கீழே கூடத்தில் பியானோ தொடங்குகிறது. அந்த அழகான பையன், மேலே நிமிர்ந்துகூடப் பார்க்காமல், பலமாக, இன்னும் பலமாக வாசிக்கிறான். ஆசிரியர் அறைக் கதவைத் திறந்து வெளியே வந்து, கேட்டு, ரசித்துத் தலையாட்டிவிட்டு உள்ளே போகிறார். மேலே கத்தரி நடக்கிறது. பையனின் வாய் திறந்து திறந்து மூடுகிறது. நமக்குக் கேட்பதெல்லாம் இசைதான். அவ்வளவு இனிமையான இசை.

அந்த மூடி எந்த விரல்கள் மேல் விழும் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்துக்கு முன்பு 'ரௌடி' என்று சொன்ன கூட்டம் நாங்கள். விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாலும் நாங்கள் சொன்னது எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. புரொஜெக்டரின் கடகடப்பையும் தாண்டி, தூரத்தில் விடுதி மணி அடித்தது எனக்குக் கேட்டது. முதல் வரிசையில் அந்தத் தலை அசையவில்லை.

முன்பாதி முடிகிற இடத்தில் பையன் ஒரு ஜன்னல் கண்ணாடியின் முன் நின்று கம்பளித் தொப்பியை முதன்முதலாகத் தலையில் மாட்டுகிறான். எங்களுக்குப் படம் அதோடு முடிந்தது.

யாரும் உடனே எழுந்திருக்கவில்லை. ஆபரேட்டர்தான், "என்னங்க சாமி, தேசிய கீதமா போடோணும்?" என்றார். வாசலில் நானும் தலைமையாசிரியையும் நின்றபோது சாக்குக்காரர் வந்தார். தலைமையாசிரியையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க டீச்சர், அந்தப் பையன ரயிலேத்தி அனுப்பிச்சுப்போட்டாங்களே, பொறவு திருப்பிக் கூப்புட்டுக்கிட்டாங்களா?"

"தெரியலைங்க. படம் அவ்வளவுதான்."

"அதெப்படிங்க? அவன் மேல தப்பில்லீன்னு நமக்கே இப்பத்தானுங்க தெரிஞ்சுது. அந்த வாத்தியாருக்குத் தெரிய வேண்டாமுங்களா?"

தலைமையாசிரியை, "ஜீப் போயிடப்போகுது, நேரத்தோட கிளம்புங்க" என்று மட்டும் அவரிடம் சொன்னார். பிறகு டார்ச்சை அடித்துக்கொண்டு பள்ளிப் பக்கம் நடந்தார். துணைக்கு நான். பள்ளி கேட்டில் நின்று, "அந்த வாத்தியார் கெட்டவர் இல்லம்மா. அவருக்குப் பாட்டு பிடிச்சிருக்கு. அவ்வளவுதான்" என்றார். எனக்குச் சொன்னாரா, தனக்கேவா, தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேற்பார்வை என் முறை. தலைமையாசிரியை எப்போதும் முன்னால் தனி மேஜையில் சாப்பிடுவார். அன்று உள்ளே வந்தவர் மேஜைக்குப் போகாமல், எட்டாம் வகுப்பு வரிசையின் கடைசியில், காலியாக இருந்த அந்தப் பெண்ணின் இடத்தில் போய் உட்கார்ந்தார். கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. பிள்ளைகளைப் போலவே எழுந்துபோய், அடுக்கி வைத்திருந்த தட்டுகளில் மேலே இருந்த ஒன்றை எடுத்தார். மூன்றாம் வகுப்புக் குட்டி ஒன்று, தலைமையாசிரியைக்கு உதவுகிற ஆசையில், உரக்கச் சொன்னது:

"பெரிய மிஸ், அந்த இடத்துக்கு அந்தத் தட்டு இல்ல! அது தனியா ஜன்னல்ல இருக்கும்!"

கூடத்தில் எல்லாக் கரண்டிகளும் நின்றன. குட்டிக்குத் தான் என்ன சொன்னோம் என்றே தெரியவில்லை. பெருமையாகக் கையை நீட்டி ஜன்னலைக் காட்டியது. கம்பிக்கு நடுவே ஓர் அலுமினியத் தட்டு செருகியிருந்தது. விளிம்பில் ஆணியால் கீறிய ஒரு பெருக்கல் குறி. வாரத்துக்கு மூன்று நாள் அந்தக் கூடத்தைச் சுற்றி வந்தவள்தான் நானும். அந்தத் தட்டை நான் பார்த்திருக்கிறேன். ஜன்னலில் ஏதோ தட்டு.

தலைமையாசிரியை கையிலிருந்த தட்டை அடுக்கிலேயே வைத்துவிட்டு, ஜன்னலிலிருந்து அதை எடுத்து வந்து உட்கார்ந்தார். "பரிமாறுங்க" என்றார். பரிமாற நின்ற பெண் வாளியோடு வந்தாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருத்தியும் எழவில்லை.

திங்கட்கிழமை காலையில் அப்பாவும் மகளும் வந்தார்கள். அவள் கையில் விடுதிக்குப் பிள்ளைகள் கொண்டுவருகிற தகரப் பெட்டி. வீட்டுக்கு அனுப்பியபோதே எடுத்துப் போனதுதான், பள்ளிச் சாமான் எதுவும் இல்லையென்று திறந்து காட்டிவிட்டுத்தான் டி.சி. வாங்கவேண்டுமென்று யாரோ சொல்லியிருக்கிறார்களாம், அதற்காகத் திருப்பித் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். தலைமையாசிரியை என்னையும் அறைக்குள் அழைத்தார். மேஜை மேல் அந்த அலுமினியத் தட்டு கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள். முகம் சிறுத்துவிட்டது.

"ஏன்னு நான் கேட்கல" என்றார் தலைமையாசிரியை. "அன்னைக்கு வாளியைத் தூக்கிட்டு வந்தியே, முதல் தட்டுல இருந்து என்ன நடந்துதுன்னு மட்டும் வரிசையாச் சொல்லு."

அவள் பேசினாள். அதுவும் கணக்கு சொல்வது போல, தரையைப் பார்த்தபடி. "மொதல் புள்ள தட்டு மேல கைய வெச்சு மூடிக்கிச்சுங்க. நா அடுத்த புள்ளைக்குப் போனேன். அதும் மூடிக்கிச்சுங்க. அதுக்கடுத்ததும். வரிசை பூரா மூடிக்கிட்டே வந்தாங்க. சிரிக்கல மிஸ். ஒருத்தருமே சிரிக்கல. அந்தப் புள்ள மட்டும் கைய எடுத்துச்சு. எடுத்துட்டு, 'வெறும் சாதமே சாப்புட்டுக்கறோம், நீ போய் வாளியக் கழுவி வெச்சுடு கண்ணு'ன்னு நொம்ப அன்பாச் சொல்லுச்சுங்க."

அவளுடைய அப்பா சுவரில் சாய்ந்துகொண்டார்.

தலைமையாசிரியை சும்மா மன்னித்துவிடவில்லை. வெந்த கால் வெந்த கால்தான் என்றார். இரண்டு மாதத்துக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதியை விட்டு வெளியே போக அனுமதி கிடையாது என்றார். அந்தப் பெண்ணிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். தட்டு மேல் கை வைத்த ஒவ்வொருத்தியும் அதன்பின் உன்னிடம் வந்து கேட்பாள் என்றார். டி.சி. என்ற சொல்லை எடுக்கவே இல்லை. எஸ்டேட் முதலாளி அந்த வாரமே வந்து சத்தம் போட்டுவிட்டு மகளைக் கோயமுத்தூர்ப் பக்கம் மாற்றிக்கொண்டார். நிர்வாகம் தலைமையாசிரியையிடம் விளக்கம் கேட்டது. அதையெல்லாம் அவர் எப்படிச் சமாளித்தார் என்று எனக்குத் தெரியாது. அதற்குள் விடுப்பில் போன ஆசிரியை திரும்பி வந்து, என் தற்காலிக வேலை முடிந்துவிட்டது.

அந்தப் படத்தைப் பிறகு ஒருமுறை சென்னையில் பார்த்தேன். நல்ல கூடம், நல்ல பிரிண்ட், எழுத்துக்கூட மஞ்சளில் தெளிவாகத் தெரிந்தது. முன்பாதி முன்னாலும் பின்பாதி பின்னாலும் வந்தன. எவ்வளவு தேர்ந்த படம் என்பது அன்றுதான் முழுதாகப் புரிந்தது. ஒரு சட்டகம் கூட வீணில்லை. பியானோ மூடி விழுந்தபோது கூடத்தில் பலர் கைதட்டினார்கள். நியாயம்தான், அவர்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்தவர்கள். எனக்குக் கைதட்ட வரவில்லை. கடைசியில் ரயிலடியில் அவன் தொப்பியைக் கழற்றியபோது, பொறவு திருப்பிக் கூப்புட்டுக்கிட்டாங்களா என்ற குரல்தான் கேட்டது.

அந்தத் திங்கட்கிழமை, அறையை விட்டு வெளியே வந்ததும் அவள் வராந்தாவில் நின்றுவிட்டாள். அப்பா சாக்கு ஆரஞ்சை மறுபடியும் கொண்டுவந்திருந்தார். இந்தத் தடவை தலைமையாசிரியை வாங்கிச் சமையலறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டார். மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாகக் கூடத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியை தன் அறையிலிருந்து வெளியே வந்து, அந்தக் கீறல் விழுந்த தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நடந்தார். அன்றிலிருந்து அது அவருடைய தட்டு.

அவள் அதைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"பெட்டியத் தொறந்து துணியெல்லாம் எடுத்து வெச்சுக்கட்டுமா மிஸ்?"

"மொதல்ல போய்ச் சாப்பிடு" என்றேன். "பெட்டி எங்கேயும் போகாது."